உருளைக்கிழங்குக்கு மண் பக்குவம்: சமவெளி வீட்டுத் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் என் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் இரண்டு பாத்திகளிலும் மொட்டை மாடியில் வைத்திருக்கும் பன்னிரண்டு செடிப்பைகளிலும் ஏழு பருவங்களாக உருளைக்கிழங்கு போட்டு வருகிறேன். எங்கள் தெருவில் புதிதாகத் தொடங்கியவர்களின் பாத்திகளையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது விதைக்கிழங்கிலோ நோய் மருந்திலோ அன்று. எதை எப்போது மண்ணில் சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற வரிசையில்தான். ஆகவே இங்கே மண்ணையும் உரத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கோவை போன்ற சமவெளியில் வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் நவம்பர் இரண்டாம் வாரத்தில் நட்டு, பிப்ரவரியில் தோண்டுவதை அடிப்படையாகக் கொண்டே நாள் கணக்குகளைத் தந்திருக்கிறேன். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குப் பருவமும் மண்ணும் வேறு என்பதால், அவர்களுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சதுர மீட்டர் பாத்தியில், வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளியில் எட்டுச் செடிகள் நிற்கும். அந்த அளவுக்குத் தேவையானவை: நன்கு மட்கிய தொழுவுரம் 3 முதல் 4 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 100 கிராம், சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் 60 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 25 கிராம், மேலுரத்துக்குக் கடலைப்பிண்ணாக்கு 75 கிராம். இவற்றோடு நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடிப் பொடி சிறிது, மூடாக்குக்கு வைக்கோல் அல்லது சருகு, ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஆகியவை போதும்.

தராசைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஒரு கைப்பிடி" என்ற அளவு ஆளுக்கு ஆள் மாறும். என் கைப்பிடி சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்துப் பார்த்தபோது 70 கிராமுக்கு மேல் இருந்தது. ஒரு செடிப்பைக்குத் தேவைப்படுவதோ 12 கிராம்தான்.

2. எட்டு வாரம் முன்பு: மண்ணைச் சோதித்தல்

இந்த வேலையைச் செப்டம்பர் நடுவிலேயே முடித்துவிட வேண்டும். எரு போட்ட பிறகு மண் மாதிரி எடுத்தால், மண்ணின் நிலை தெரியாது. எருவின் நிலைதான் தெரியும். மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவதாக இருந்தால், மேலே கிடக்கும் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து ஓர் அங்குலக் கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படி நான்கைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அனுப்பினால் போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் நான்கு இருக்கின்றன. முதலாவது பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள் வரையிலும் கலங்கலாக நிற்கும். களிப்படலம் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த மண்ணில் நேரடியாக நடாமல் மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும்.

இரண்டாவது வடிகால் சோதனை. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி ஒருமுறை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றிய நீர் நான்கு மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டால் நல்லது. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்த இடத்தைக் கீரைக்கு விட்டுவிடுவதே நல்லது. தண்ணீர் தேங்கும் மண்ணில் காற்று இல்லாமல் கிழங்கு மூச்சுத் திணறி, உள்ளே கறுத்து அழுகும். எந்த உரமும் அதைச் சரி செய்யாது.

மூன்றாவது சுண்ணாம்புச் சோதனை. உலர்ந்த மண்ணின் மேல் வினிகர் சில துளிகள் விட்டால், சுண்ணாம்பு மிகுந்த மண் நுரைத்துப் பொங்கும். கோவை வட்டாரத்துக் கரிசலில் பல இடங்களில் இப்படிப் பொங்குவதைக் காணலாம். நான்காவது கார அமிலத் தன்மையைப் பார்ப்பது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும் (பி.எச். 7-க்குக் கீழே என்றால் புளிப்பு, மேலே என்றால் காரம்). இதற்குப் போர்த் தண்ணீரை ஊற்றிச் சோதிப்பது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அந்த நீரே காரத்தன்மை உடையது என்பதால், எந்த மண்ணைப் போட்டாலும் தாள் ஒரே நிறத்தைத்தான் காட்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்.

3. கார அமிலத் தன்மை: சாம்பலையும் சுண்ணாம்பையும் தள்ளி வையுங்கள்

உருளைக்கிழங்கு சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குப் பரிந்துரைக்கும் பி.எச். அளவு 4.8 முதல் 5.4 வரை, நீலகிரி மண் இயல்பாகவே இந்த அளவை ஒட்டி இருக்கிறது. நம் சமவெளி மண்ணோ பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிற்கிறது. பயிர் இதிலும் வளரும், கிழங்கும் வைக்கும். ஆனால் 5.5-க்கு மேல் போகும்போது சொறி நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிர் மண்ணில் செழிக்கத் தொடங்கும். 5.2-க்குக் கீழே அதன் தொல்லை மிகவும் குறைவு.

எங்கள் தெருவில் விறகடுப்பில் வெந்நீர் போடும் ஒரு பெரியம்மா, தன் பாத்தியில் விளைந்த கிழங்கு ஒன்றை என் கையில் கொடுத்தார். தோலெங்கும் பாட்டில் தக்கையைத் தடவியது போன்ற சொரசொரப்பு, நகத்தால் கீறினால் பழுப்புப் பொடியாக உதிரும் வட்ட வட்டமான திட்டுகள். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "தினமும் ஒரு கொட்டாங்குச்சி அடுப்புச் சாம்பல் போட்டேன் கண்ணு. கிழங்குக்குச் சாம்பல்தானே நல்லதும்பாங்க?" என்றார். சாம்பலில் பொட்டாஷ் இருப்பது உண்மைதான். ஆனால் அதைவிட மிகுதியாகச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஏற்கெனவே 8-ல் இருக்கும் மண்ணை அது மேலும் காரமாக்கும். முட்டை ஓட்டுத் தூளையும் இதே காரணத்துக்காக உருளைப் பாத்தியில் நான் அனுமதிப்பதில்லை. புளித்த மலை மண்ணில் சாம்பல் தரும் பலனைக் கேள்விப்பட்டுச் சமவெளியில் செய்வதால் வரும் குழப்பம் இது.

காரத்தைக் குறைக்கக் கந்தகத் தூள் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வினிகருக்கு நுரைக்காத செம்மண்ணில் அது மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும்; நடவுக்கு இரண்டு மாதம் முன்பு போட்டு உடனே பலனை எதிர்பார்க்கக் கூடாது. நுரைக்கும் மண்ணில் அதைப் போடுவது வீண். அங்கே இருக்கும் சுண்ணாம்பு, கந்தகம் உண்டாக்கும் அமிலத்தை எல்லாம் விழுங்கிவிடும். அத்தகைய மண் உள்ளவர்கள் செடிப்பைக்கு மாறுவதே புத்திசாலித்தனம். ஜிப்சம் பற்றியும் ஒரு வார்த்தை. மண் பரிசோதனை அறிக்கையில் களர், அதாவது சோடியம் மிகுந்த மண், என்று வந்தால் மட்டுமே அது தேவைப்படும். பொதுவான மண் இளக்கியாக நினைத்து அள்ளிப் போட வேண்டாம்.

4. ஆறு வாரம் முன்பு: மண்ணை இளக்குதல்

கிழங்கு வேரில் விளைவதன்று. விதைக்கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் ஓடுதண்டுகளின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. ஆகவே செடிக்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும் மண் எவ்வளவு பொலபொலப்பாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கிழங்கு பருக்கும். கெட்டி மண்ணில் விளைந்த கிழங்கு கோணலும் மாணலுமாக, இஞ்சி போல வரும்.

25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்த வேண்டும். அதற்கான ஈரப்பதத்தைப் பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உடைந்து சிதறினால் கொத்தலாம்; அப்பளம் போலத் தட்டையாகப் படிந்தால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஈரம் மிகுந்த களிமண்ணைக் கொத்தினால் ஒவ்வொரு கட்டியும் காய்ந்து செங்கல்லாகும், அந்தப் பருவம் முழுதும் அது கரையாது. அக்டோபர் மழைக்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

களிமண்ணில் மணல் கலந்தால் இளகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. மண்ணின் பாதி அளவுக்கு மணல் கொட்டினாலொழிய அது நடக்காது. நான்கு சட்டி மணலைக் கலப்பவர்கள் காரைக்குக் கலவை போட்டது போன்ற ஒன்றைத்தான் பெறுகிறார்கள். களியை இளக்குவது மட்கிய எருதான், அதுவும் இரண்டு மூன்று பருவங்கள் தொடர்ந்து போட்டால். காத்திருக்க முடிந்தவர்கள் ஜூலையில் பசுந்தாள் உரச் செடிகளான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 40 முதல் 45 நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுவது போலக் கொத்திப் புதைத்துவிடலாம். தண்டு முற்றிவிட்டால் மட்க நாளாகும் என்பதால் பூவுக்கு மேல் விடக் கூடாது.

கொத்திய மண்ணை 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியாக அமைத்துக்கொண்டால், நவம்பரில் எதிர்பாராமல் கொட்டும் மழைக்கும் பயப்பட வேண்டியதில்லை.

5. தொழுவுரம்: மட்கியதா என்று பார்த்த பிறகே

பச்சைச் சாணமும் பாதி மட்கிய எருவும் உருளைக்கு மூன்று வகையில் தீங்கு செய்யும். முதலில் சொறி நோயைத் தூண்டும். இரண்டாவதாக, தழைச்சத்தை (நைட்ரஜன்) தாறுமாறான நேரத்தில் வெளியிட்டுச் செடியை இலையிலேயே வளர்த்துவிடும். மூன்றாவதாக, வெள்ளை வேர்ப்புழுக்களைக் கொண்டு வரும். ஆங்கில 'சி' எழுத்து போலச் சுருண்டு கிடக்கும் அந்தப் புழுக்கள் கிழங்கில் குழி குழியாகக் குடைந்து வைப்பதை, தோண்டும் நாளில்தான் பார்ப்போம்.

எரு மட்கிவிட்டதா என்று அறிய, ஒரு பிடி ஈர எருவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் மூடி மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் போடலாம். அமோனியா நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால், குவித்து ஈரம் காத்து இன்னும் ஒரு மாதம் வைக்க வேண்டும். வண்டியில் வாங்கிய எருவை மண் சல்லடையில் சலித்து, புழுக்களைக் கோழிக்குப் போட்டுவிடலாம்.

சலித்த எரு 10 கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, லேசாக நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் இரண்டு வாரம் வைத்திருங்கள். வெறுமனே பொடியாக மண்ணில் தூவுவதைவிட, எருவில் பெருக்கிக் கொடுத்த பூஞ்சணம் மண்ணில் நன்றாக நிலைக்கும். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வாறு தயாரான எருவைச் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்க வேண்டும். ஹெக்டேருக்கு 15 டன் என்ற வயல் பரிந்துரை சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது. வீட்டு மண் பெரும்பாலும் கட்டட இடிபாடும் நிரப்பு மண்ணும் கலந்து சத்தற்றுக் கிடப்பதால், நான் இரு மடங்கு போடுகிறேன். அதற்கு மேல் போடுவதில் பயனில்லை.

6. இரண்டு வாரம் முன்பு: வேப்பம்பிண்ணாக்கு

சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கி மண்ணில் கலந்து நீர் தெளித்துவிட வேண்டும். இது ஏறக்குறைய 5 கிராம் தழைச்சத்தை மெல்ல மெல்லக் கொடுக்கும். வேர்ப்புழுவையும் நூற்புழுவையும் ஓரளவு அடக்கும். நடவு நாளில் குழிக்குள் போடலாமே என்று தோன்றும். பிண்ணாக்கு மட்கும்போது சூடும் அமோனியாவும் வெளிப்படும். அது அறுத்து வைத்த விதைக்கிழங்கின் புண்ணில் பட்டால் அழுகலில் போய் முடியும். என்னுடைய இரண்டாம் பருவத்தில் நான்கு பைகளில் முளையே வராமல் போனதற்கு இதுதான் காரணம். தோண்டிப் பார்த்தபோது கிழங்குத் துண்டைச் சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சணமும் புளித்த வாடையுமாக இருந்தது.

7. நடவு நாள்: அடியுரமும் அதை வைக்கும் இடமும்

சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் மண் முழுதும் தூவக் கூடாது. அதில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்ட இடத்தைவிட்டு நகராது. உருளையின் வேரோ ஆழமும் பரப்பும் குறைந்தது. அதிலும் சுண்ணாம்பு மண்ணில் பரவலாகத் தூவினால், கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். மலைப் பகுதியின் புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதே வேலையைச் செய்கின்றன. நீலகிரிக்கான பரிந்துரையில் ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிலோ, மணிச்சத்து மட்டும் 240 கிலோ என்று இரு மடங்காக இருப்பது அந்த மண்ணை மனத்தில் கொண்டுதான். அந்த அட்டவணையை அப்படியே நம் வீட்டுப் பாத்திக்குப் பின்பற்றத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. வரிசைக்கு 15 செ.மீ. ஆழத்தில் சால் கிழித்து, அதன் அடியில் சதுர மீட்டர் கணக்குப்படி 60 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 15 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷையும் ஒரே சீராகத் தூவுங்கள். அதன் மேல் மூன்று விரற்கடை கனத்துக்கு மண் தள்ளி, அதன்மேல் விதைக்கிழங்கை வையுங்கள். உரம் கிழங்கைத் தொடக் கூடாது. தொட்டால் உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும்.

கடையில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டால், பாதி விலையில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டிலும் சாம்பல்சத்து உண்டு. ஆனால் மியூரியேட்டில் இருக்கும் குளோரைடு கிழங்கின் மாவுத்தன்மையைக் குறைத்து நீர் கோக்கச் செய்யும். ஏற்கெனவே உப்பான போர்த் தண்ணீரைப் பாய்ச்சும் வீடுகளில் அது இன்னும் கூடுதல் சுமை. பத்து வயல் வைத்திருப்பவர்கள் விலைக்காக மியூரியேட் போடுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பாத்தி வைத்திருப்பவர் நூறு ரூபாய்க்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. மக்னீசியம் சல்பேட் மலைப் பகுதியில் ஹெக்டேருக்கு 60 கிலோ அடியுரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சமவெளியில் இலையில் குறைபாடு தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம் (அடையாளம் பகுதி 12-ல்).

மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. 40 முதல் 50 கிராம் எடையுள்ள துண்டுகளை, அறுத்து இரண்டு நாள் நிழலில் புண் ஆறவிட்டு, கண் மேல்நோக்கியிருக்க வைத்து மூடுங்கள். முளை வெளியே தெரியும் வரை தண்ணீரை மிதமாகவே விட வேண்டும்.

விதை பற்றி இங்கே ஒரே ஓர் எச்சரிக்கை, அதுவும் மண் சம்பந்தப்பட்டது என்பதால். நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்ட உருளைத் தங்க நூற்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை. சுற்றுலா போய்விட்டு வரும்போது ஊட்டியிலிருந்து செடி மண்ணையோ மண் ஒட்டிய கிழங்கையோ விதைக்காகக் கொண்டு வராதீர்கள்.

8. செடிப்பை வைத்திருப்பவர்களுக்கு

15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட பை ஏறக்குறைய 43 லிட்டர் கொள்ளும். இரண்டு விதைத் துண்டுகளுக்கு இது போதும். கலவைக்குச் செம்மண் 2 பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு 2 பங்கு, மண்புழு உரமோ மட்கிய தொழுவுரமோ ஒன்றரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு எடுத்துக்கொள்கிறேன். தென்னைநார்க் கழிவு லேசான புளிப்புத் தன்மை உடையது என்பதால், சொறி நோயைப் பொறுத்தவரை பாத்தியைவிடப் பைக்கு ஒரு வசதி இருக்கிறது.

ஆனால் கழுவாத தென்னைநார்க் கழிவு உப்பு மூட்டை. கட்டியை ஊறவைத்து முதல் தடவை பிழியும்போது, காப்பி டிகாஷன் நிறத்தில் நீர் இறங்கும். மூன்று தடவை ஊறவைத்து வடித்து, நீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நட்டவர்களின் செடியில் முளைத்த பத்து நாளில் இலை ஓரம் காய்வதைப் பார்த்து, நோய் என்று மருந்து தெளித்ததும் உண்டு.

ஒரு பைக்கு வேப்பம்பிண்ணாக்கு 25 கிராம், சூப்பர் பாஸ்பேட் 12 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராம் போதும். பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டு நடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கலவையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போட்டு, அதில் நட்டு, மீதியைச் சாக்கில் கட்டி வையுங்கள். செடி உயர உயர மேலே சேர்ப்பதற்கு அது வேண்டும். பையின் விளிம்பைச் சுருட்டிக் கீழே மடித்துவிட்டால் இளம் செடிக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

மாடியில் மண் சூடேறுவது இன்னொரு தொல்லை. மண் குளிர்ச்சியாக இருந்தால்தான் கிழங்கு வைக்கும்; 25 பாகைக்கு மேல் மண் காய்ந்தால் கிழங்கு கட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். பைகளை நெருக்கி வைத்து ஒன்றுக்கொன்று நிழல் தரச் செய்வதும், தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் மேல் வைப்பதும், மேலே நான்கு விரற்கடை வைக்கோல் பரப்புவதும் எளிய வழிகள்.

சென்ற ஆண்டு தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்த பை மண்ணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் வாடல் நோயும் நூற்புழுவும் அந்த மண்ணிலேயே காத்திருக்கும்.

9. இருபத்தைந்தாம் நாளிலிருந்து: மேலுரமும் மண் அணைப்பும்

செடி ஒரு சாண் உயரம் வந்ததும், பெரும்பாலும் 25-லிருந்து 30 நாளுக்குள், முதல் மண் அணைப்பு. உரம் முதலில், மண் அணைப்பு பிறகு என்ற வரிசை முக்கியம். மண்ணை அணைத்துவிட்டு மேட்டின் மேல் உரம் தூவினால், அது காய்ந்து கிடக்கும் அல்லது தண்ணீரோடு சாலில் வழிந்துவிடும்.

சதுர மீட்டருக்கு 75 கிராம் கடலைப்பிண்ணாக்கை முக்கால் லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து, செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊற்றுங்கள். மிச்சமிருக்கும் 10 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷையும் அதே இடத்தில் இட்டு, செடியின் மேல் நான்கைந்து இலைகள் மட்டும் தெரியும்படி இரு பக்கமிருந்தும் மண்ணை இழுத்து அணையுங்கள். பிண்ணாக்கு கிடைக்காதவர்கள் 12 கிராம் யூரியாவை ஈர மண்ணில் இட்டு உடனே மூடிவிடலாம். வெளியே கிடந்தால், அதுவும் நம் காரமான மண்ணில், தழைச்சத்து காற்றோடு போய்விடும். பையில் இந்த அளவில் நான்கில் ஒரு பங்கு போதும்.

இரண்டாம் அணைப்பு 45-ஆம் நாள் வாக்கில். இப்போது உரம் எதுவும் கிடையாது, மண் மட்டும்தான். கிழங்கின் மேல் வெளிச்சம் படாமல் காப்பதே இதன் நோக்கம். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி, சோலனின் என்ற நச்சு சேர்ந்து, கசப்பேறி உண்ணத் தகாததாகிவிடும்.

10. தழைச்சத்தை எப்போது நிறுத்துவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால், இதைப் படியுங்கள். செடி நட்ட 35 முதல் 45 நாளுக்குள் ஓடுதண்டின் நுனி பருக்கத் தொடங்கும். அதைத் தெரிந்துகொள்ள, மேட்டின் ஓரத்தில் விரலால் மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் போன்ற ஓடுதண்டின் வளைந்த நுனி, தீக்குச்சித் தலை அளவுக்கு உருண்டிருக்கும். அதைக் கண்ட நாளிலிருந்து ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், பிண்ணாக்குக் கரைசல், யூரியா என்று தழைச்சத்து தரும் எதையும் மண்ணில் ஊற்றக் கூடாது.

காரணம் இதுதான். தழைச்சத்து நிறையக் கிடைக்கும் வரை செடி தான் தயாரிக்கும் மாவை இலைக்கும் தண்டுக்குமே செலவிடும், கிழங்குக்கு அனுப்பாது. பிந்திக் கிடைக்கும் தழைச்சத்து கிழங்கை ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டு வளரச் செய்து, நடுவில் பொந்து விழச் செய்வதும் உண்டு. என் முதல் பருவத்தில் வாரம் தவறாமல் ஜீவாமிர்தம் ஊற்றினேன். செடி இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாகத் தழைத்ததைப் பார்த்து, வருகிறவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிப்ரவரியில் தோண்டியபோது செடிக்கு இரண்டு மூன்று நெல்லிக்காய் அளவுக் கிழங்குகள் கிடைத்தன. ஜீவாமிர்தத்தில் குற்றமில்லை, அதை நாற்பதாம் நாளோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

11. உரத்தைச் செடிக்குக் கொண்டு சேர்க்கும் தண்ணீர்

ஓடுதண்டு பருக்கத் தொடங்கியதிலிருந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் மண் ஒரே சீரான ஈரத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மண் காய்ந்தால்தான் சொறி நோய்க் கிருமி இளம் தோலுக்குள் நுழையும். காரமான மண்ணை மாற்ற இயலாதவர்களுக்குக் கையில் இருக்கும் மிகச் சிறந்த மருந்து இந்த ஈரம்தான். காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்திவிடலாம், தோல் முற்றும்.

மழைநீர் சேமித்து வைத்திருப்பவர்கள் அதைப் பைகளுக்கு ஒதுக்குங்கள். போர்த் தண்ணீரின் உப்பு பாத்தியிலிருந்து கீழே இறங்கிப் போக வழி உண்டு, பையில் தங்கிவிடும். பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கண்டால், அடியில் நீர் வடியும்வரை ஒருமுறை நன்றாகப் பாய்ச்சி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

12. இலையைப் பார்த்து முடிவு செய்வது

பழைய இலைகள் முழுதும் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. 40 நாளுக்குள் என்றால் மட்டும் சரி செய்யுங்கள். பழைய இலையின் ஓரம் வெண்கல நிறமாகிக் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பை மாலையில் இலை மேல் தெளிக்கலாம். இதே அடையாளம் பழைய இலையில் இல்லாமல் கொழுந்து இலையில் தெரிந்தால் அது இரும்புக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தால் வேருக்குக் கிடைக்காத நிலை என்பதால், மண்ணில் போட்டுப் பயனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, வாரம் ஒருமுறையாக இரண்டு தடவை இலையில் தெளிக்க வேண்டும்.

எண்பதாம் நாளுக்கு மேல் இலைகள் கீழிருந்து மஞ்சளாவதைக் கண்டு பதற வேண்டாம். அது முதிர்ச்சி, அப்போது உரம் கொடுப்பது செடியை மறுபடி தழைக்கச் செய்து, கிழங்கு முற்றுவதைத் தள்ளிப்போடும்.

13. தோண்டிய பிறகு அந்த மண்ணுக்கு

விட்டுப்போன கோலிக்குண்டு அளவுக் கிழங்குகளை எல்லாம் சலித்து எடுத்துவிடுங்கள். அவை அடுத்த மழையில் முளைத்து, நோயை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோகும். இலையில் கருகல் வந்திருந்தால் செடியை மட்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். நோயில்லாத செடியை மட்கவிடலாம்.

அதே பாத்தியில் உருளையோ அதன் குடும்பத்துப் பயிரோ திரும்ப வருவதற்கு மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். இரண்டே பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இது கடினம் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் பாத்தியில் ஓர் ஆண்டு, பையில் புது மண்ணோடு ஓர் ஆண்டு என்று மாற்றிக்கொண்டு வருகிறேன். பிப்ரவரியில் காலியாகும் பாத்தியில் தட்டைப்பயறு விதைத்தால், கோடையில் மண் மூடியிருக்கும், தழைச்சத்தும் சேரும். காய் பறித்த பின் கொடியை வேரோடு பிடுங்காமல், தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.